காரணம் எழுதும் கட்டம்

நாங்கள் தயாரிக்கும் திட்டத்தில் ஒவ்வொரு பொருளுக்கும் ஏழு கட்டங்கள் உண்டு. பொருளின் பெயர், அளவு, நேரம், சாப்பாட்டுக்கு முன்னா பின்னா, தொடங்கும் தேதி, மறுபடி பார்க்கும் தேதி, காரணம். முதல் ஆறையும் மென்பொருள் நிரப்பிவிடும். ஏழாவதை மட்டும் ஓர் ஆள் உட்கார்ந்து எழுத வேண்டும். இரண்டு வருடமாக என்னைத் தொந்தரவு செய்துகொண்டிருப்பது அந்த ஏழாவது கட்டம்தான்.

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை. உள்ளூர்ப் பல்கலைக்கழகம் ஒன்றில் மெகாட்ரோனிக் பொறியியல் படித்தவன். நான்கு வருடம் ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களுக்குப் பராமரிப்பு ஆவணம் எழுதினேன். இப்போது பெட்டாலிங் ஜெயாவில் ஒரு சின்ன நிறுவனம். ஆண்களுக்கு மட்டும், ஆளுக்குத் தகுந்த மாதிரி உணவுத் திட்டமும் சத்து மாத்திரைத் திட்டமும் போட்டுக் கொடுக்கிறோம். சட்டப்படி பதிவுபெற்ற உணவியல் நிபுணர் ஒருவர் இருக்கிறார். எல்லோரும் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவோம். கையெழுத்து அவருடையது. எந்தப் பதிலுக்கு எந்தப் பரிந்துரை என்ற விதிகளை ஒழுங்குபடுத்துவதும், எல்லாவற்றையும் பதிவேடாக வடிவமைப்பதும் என் பங்கு. கூட்டாளிகள் கேட்டால், "மாத்திரை விக்கிற கம்பெனில கணக்கப்பிள்ளையா இருக்கேன்" என்று சொல்லிக்கொள்வேன். முழுப் பொய்யும் இல்லை.

தொழிற்சாலையில் கற்ற பழக்கம் ஒன்று உண்டு. ஒரு திருகாணியை எவ்வளவு இறுக்க வேண்டும் என்று எழுதினால், ஏன் அவ்வளவு என்பதையும் எழுத வேண்டும். காரணம் இல்லாத எண்ணை அடுத்து வருபவன் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றுவான், இல்லையென்றால் தன் இஷ்டத்துக்கு மாற்றுவான். இரண்டுமே ஆபத்து. இயந்திரத்துக்கே இப்படி என்றால் ஆளுக்கு?

முடி கொட்டுகிறது என்று வரும் இளைஞர்களை எடுத்துக்கொள்ளுங்கள். எங்களிடம் வருவதற்கு முன்பே பாதிப் பேர் பயோட்டின் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். ஒரு நாளைக்கு உடம்புக்குத் தேவை என்று வைத்திருப்பது சுமார் 30 மைக்ரோகிராம். கடையில் கிடைக்கும் முடி மாத்திரையில் 5,000, 10,000 என்று இருக்கும். தண்ணீரில் கரையும் வைட்டமின்தானே, மிச்சம் சிறுநீரில் போய்விடும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். ஆனால் பல ஆய்வுக்கூடப் பரிசோதனைகள் பயோட்டினையே ஒரு பசைபோலப் பயன்படுத்தி வேலை செய்கின்றன. ரத்தத்தில் அது அளவுக்கு மீறி இருந்தால் பரிசோதனை பொய் சொல்லும். மாரடைப்பைக் கண்டுபிடிக்கப் பார்க்கும் டிரோபோனின் அளவு, சில வகைக் கருவிகளில், உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2017இல் இதைப் பற்றி எச்சரிக்கை வெளியிட்டது. அப்படித் தவறாகக் குறைந்து காட்டிய ஒருவர் இறந்துபோன தகவலும் அதில் இருந்தது.

நெஞ்சு வலியோடு அவசரப் பிரிவுக்குப் போகிறவன், "முடிக்கு மாத்திரை சாப்பிடுகிறேன்" என்று சொல்வானா? யாரும் கேட்கமாட்டார்கள், இவனும் சொல்லமாட்டான். கிரியேட்டினும் கிட்டத்தட்ட இதே கதைதான். ஜிம்முக்குப் போகிறவனின் ரத்தத்தில் கிரியேட்டினின் அளவு கொஞ்சம் ஏறும். சிறுநீரகம் கெட்டுவிட்டதோ என்று டாக்டர் பயப்படுவார், கோளாறே இல்லாமலும் இருக்கலாம். இதற்கு நேர்மாறானதும் உண்டு. நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் நீண்ட காலம் சாப்பிடுகிறவர்களுக்கு வைட்டமின் பி12 குறையக்கூடும். அதனால் கால் மரத்துப்போகும். நீரிழிவினாலும் கால் மரத்துப்போகும். எது எதனால் என்று பிரித்தறிய, அந்த ஆள் என்ன சாப்பிட்டார், எப்போதிலிருந்து, எதற்காக என்று ஒரு பதிவு இருந்தாக வேண்டும். ஆவணம் எழுதுவதை வெறும் எழுத்தர் வேலை என்று நினைப்பவர்களிடம் நான் இந்த மூன்றையும்தான் சொல்வேன்.

சரி, எழுத வேண்டும். என்ன எழுதுவது? "இவருக்கு இது தேவை, ஏனென்றால்" என்று தொடங்கும் வாக்கியத்தை எழுதும் உரிமை ஒருவனுக்கு எங்கிருந்து வருகிறது?

நாங்கள் விற்கும் சொல் 'தனிப்பட்டது'. உங்களுக்காக மட்டும், உங்கள் உடம்புக்காக மட்டும். இந்தச் சொல்லுக்குக் கீழே இருக்கும் எண்களின் பிறப்பைப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். கதிரியக்கப் பாதுகாப்புக்கான அனைத்துலக ஆணையம் 1975இல் வெளியிட்ட ஓர் அறிக்கையில் 'மேற்கோள் மனிதன்' என்று ஒருவன் வருகிறான். வயது 20இலிருந்து 30க்குள், எடை 70 கிலோ, உயரம் 170 சென்டிமீட்டர், வெள்ளையன், பழக்கவழக்கத்தில் மேற்கு ஐரோப்பியன் அல்லது வட அமெரிக்கன். கதிரியக்கக் கணக்குக்காக உருவாக்கப்பட்டவன்தான். ஆனால் அந்த 70 கிலோ ஆண் மருத்துவப் பாடநூல்களிலும் மருந்துக் கணக்குகளிலும் எங்கு பார்த்தாலும் நிற்கிறான். பூச்சோங்கில் இரவு ஷிப்ட் முடித்துவிட்டு விடியற்காலை ஐந்து மணிக்கு ரொட்டி சானாய் சாப்பிடும் 96 கிலோ தமிழனுக்கும் இவனுக்கும் என்ன உறவு?

பரிந்துரைக்கப்பட்ட தினசரி அளவு என்று டப்பாவின் பின்பக்கம் போட்டிருக்கும் சதவீதங்களும் அப்படித்தான். அமெரிக்காவில் 1941இல், போர்க்காலத்தில், இந்த அளவுகளை முதலில் வகுத்தார்கள். இன்று அதைக் கணக்கிடும் முறை இது: ஆரோக்கியமானவர்களின் சராசரித் தேவையைக் கண்டுபிடித்து, அதற்கு மேல் இரண்டு நியம விலக்கம் கூட்டுவது. அப்படிச் செய்தால் நூற்றுக்கு 97, 98 பேருடைய தேவை அதற்குள் அடங்கிவிடும். இதன் அர்த்தத்தை யோசியுங்கள். பெரும்பாலானவர்களுக்கு அந்த எண்ணைவிடக் குறைவாகவே போதும். யாருக்கும் குறையாமல் இருக்கட்டும் என்று உயர்த்தி வைத்த எண் அது. ஒருவர் அதில் 80 சதவீதம்தான் சாப்பிடுகிறார் என்பதால் அவருக்குக் குறைபாடு என்று ஆகிவிடாது. ஆனால் செயலியில் அந்த 20 சதவீதம் சிவப்பாகத் தெரியும். சிவப்பைப் பார்த்தால் வாங்கத் தோன்றும். அந்த நிறம் எங்கள் செயலியில் இப்போது இல்லை. அதற்காக நான் போட்ட சண்டை தனிக்கதை.

மறுபக்கமும் உண்மை இருக்கிறது. மனிதர்கள் உள்ளுக்குள் உண்மையாகவே வேறு வேறு. பான்டோதெனிக் அமிலத்தைக் கண்டுபிடித்த ரோஜர் வில்லியம்ஸ், 1956இல் உயிர்வேதித் தனித்தன்மை பற்றி ஒரு முழுப் புத்தகமே எழுதினார். இரைப்பையின் வடிவமே ஆளுக்கு ஆள் மாறும் என்றார். இஸ்ரேலில் வைஸ்மன் நிலையத்தைச் சேர்ந்தவர்கள் 2015இல் 800 பேரை வைத்துச் செய்த ஆய்வில், ஒரே உணவுக்கு ஒருவருக்குச் சர்க்கரை எகிறியது, இன்னொருவருக்கு அசையவே இல்லை. ஆக, 'நீ வேறு' என்பது பொய் இல்லை.

ஆனால் 'நீ வேறு' என்பதிலிருந்து 'உன்னை எனக்குத் தெரியும்' என்பதற்கு ஒரு தாவல் இருக்கிறது. என் தொழில் முழுக்க அந்தத் தாவலில்தான் காசு பார்க்கிறது. அந்த 800 பேருக்கு உடம்பில் கருவி மாட்டி ஒரு வாரம் அளந்தார்கள், மலத்தைச் சோதித்தார்கள், ரத்தத்தைச் சோதித்தார்கள். நாங்கள் இருபத்துச் சொச்சம் கேள்வி கேட்கிறோம். வயது, எடை, தூக்கம், இலக்கு. அதில் 'இலக்கு' என்ற இடத்தில் பத்தில் ஏழு பேர் எழுதுவது ஒரே சொல்: எனர்ஜி. ஒரே சொல்லை எழுதியவர்களுக்கு வெவ்வேறு திட்டம் போவதில் எவ்வளவு அறிவியல், எவ்வளவு நாடகம் என்பது உள்ளே இருப்பவனுக்குத்தான் தெரியும். வீட்டில் யார் சமைக்கிறார்கள், மதியம் யாரோடு சாப்பிடுகிறீர்கள், கடைசியாக எப்போது ரத்தம் எடுத்தீர்கள் என்ற மூன்று கேள்விகளைச் சேர்க்கச் சொன்னது அக்கா. ஆளைப் பற்றி ஏதாவது தெரிவது இந்த மூன்றில்தான்.

'ஆண்களுக்கு' என்ற சொல்லையும் பார்க்க வேண்டும். ஆண்களுக்கான சத்து மாத்திரையில் அப்படி என்ன இருக்கிறது? நியாயமாகச் சொன்னால், இருப்பதைவிட இல்லாததுதான் முக்கியம். அமெரிக்கப் பரிந்துரையில் வளர்ந்த ஆணுக்கு இரும்புச்சத்து நாளுக்கு 8 மில்லிகிராம், 19இலிருந்து 50 வயது வரையுள்ள பெண்ணுக்கு 18. ஆணுக்கு மாதாமாதம் ரத்தம் போவதில்லை, தேவையில்லாத இரும்பை வெளியேற்ற உடம்புக்குச் சரியான வழியும் இல்லை. அதனால் ஆண்களுக்கான மாத்திரையில் இரும்பை எடுத்துவிடுவார்கள், இல்லையென்றால் குறைப்பார்கள். அவ்வளவுதான். மாதவிடாய் நின்ற பெண்ணுக்கும் அதே 8தான். ஆக, இருபத்தெட்டு வயது ஜிம் பையனுக்கும் அவனுடைய அறுபது வயதுப் பாட்டிக்கும் ஒரே டப்பா பொருந்தும். கறுப்பு டப்பாவும் சிங்கப் படமும் பாட்டிக்கு வேண்டுமானால் பிடிக்காமல் போகலாம்.

காரணம் நன்றாக இருந்தால் போதுமா என்ற கேள்வியை என்னிடம் கிளப்பியவை இரண்டு ஆய்வுகள். இரண்டுமே ஆண்களை மட்டும் வைத்துச் செய்தவை. முதலாவது ஃபின்லாந்தில். 50இலிருந்து 69 வயது வரையுள்ள, புகைபிடிக்கும் 29,133 ஆண்கள். காய்கறியில் பீட்டா கரோட்டின் அதிகம் சாப்பிடுகிறவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவு என்று முன்பே கவனித்திருந்தார்கள். எனவே அதை மாத்திரையாகக் கொடுத்துப் பார்த்தார்கள். 1994இல் முடிவு வந்தது: பீட்டா கரோட்டின் சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகம். அதே ஆய்வில் இன்னொரு பிரிவினருக்கு வைட்டமின் ஈ, நாளுக்கு 50 மில்லிகிராம் கொடுத்தார்கள். அவர்களுக்கு புராஸ்டேட் புற்றுநோய் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. தேடாத இடத்தில் கிடைத்த நல்ல செய்தி. அதைப் பிடித்துக்கொண்டு, 2001இல், 35,533 ஆண்களை வைத்து இரண்டாவது ஆய்வைத் தொடங்கினார்கள். வைட்டமின் ஈ 400 யூனிட், செலினியம் 200 மைக்ரோகிராம். 2008இல் பலன் இல்லை என்று மாத்திரைகளை நிறுத்தினார்கள். 2011இல் தெரிந்தது, வைட்டமின் ஈ மட்டும் சாப்பிட்டவர்களுக்கு புராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் அதிகம் என்று.

2001இல் அந்த ஏழாவது கட்டத்தை என்னிடம் கொடுத்திருந்தால் நானும் நிறைவாகவே எழுதியிருப்பேன். 'முந்தைய பெரிய ஆய்வில் புராஸ்டேட் புற்றுநோய் குறைந்தது.' அருமையான காரணம். இன்று நாங்கள் எழுதும் காரணங்களில் பத்தில் ஒன்றுக்குக்கூட அவ்வளவு பெரிய ஆதாரம் கிடையாது. அப்படியிருந்தும் அது தீங்கில் போய் முடிந்தது.

அதனால் காரணம் எழுதுவதே வீண் என்று நான் சொல்லவரவில்லை. அந்த இரண்டு ஆய்விலும் வெற்று மாத்திரை சாப்பிட்ட ஒரு குழு இருந்தது. இடையிடையே எண்களைத் திறந்து பார்த்து, 'நிறுத்துங்கள்' என்று சொல்ல ஒரு குழு இருந்தது. அதனால்தான் தீங்கு வெளியே தெரிந்தது. எங்களிடம் வரும் ஒவ்வொருவரும் ஓர் ஆய்வு மாதிரிதான், ஒரே ஓர் ஆள் உள்ள ஆய்வு. ஒப்பிட எதிர்க்குழு இல்லை. நிறுத்தச் சொல்லவும் ஆள் இல்லை. தீங்கு நடந்தாலும் அது வயதாலோ விதியாலோ வந்தது என்று போய்விடும். இந்த நிலைமையில் ஒருவனுக்கு 'இதைச் சாப்பிடு' என்று எழுதுகிறவன், நிறுத்துவதற்கான வழியையும் கூடவே எழுதக் கடமைப்பட்டவன் என்று நினைக்கிறேன். ஆறாவது கட்டம், மறுபடி பார்க்கும் தேதி, அதற்காகத்தான் இருக்கிறது. அந்தத் தேதியில் திட்டம் தானாகப் புதுப்பிக்கப்படாமல், தானாக நின்றுபோக வேண்டும். வியாபாரத்துக்கு இது ஆகாது. மாதச் சந்தா என்ற ஏற்பாடே ஆள் மறந்துபோவதை நம்பித்தான் நடக்கிறது.

இனி, ஆண்கள் ஏன் எங்களிடம் வருகிறார்கள் என்பது. தேசிய சுகாதார ஆய்வின்படி 2019இல் மலேசியாவில் வயது வந்தவர்களில் 18.3 சதவீதம் பேருக்கு நீரிழிவு. இந்தியர்களிடம் 31.4. அரசாங்க கிளினிக்கில் 1 வெள்ளிக்கு டாக்டரைப் பார்க்கலாம். நம் ஆண்கள் அந்த 1 வெள்ளி கிளினிக்குக்குப் போவதில்லை. மாதம் இருநூறு வெள்ளி கொடுத்து எங்களிடம் வருகிறார்கள். கிளினிக்குக்குப் போனால் நோயாளி. எங்களிடம் வந்தால் தன்னை மேம்படுத்திக்கொள்கிறவன். உடம்பைப் பற்றிய பயத்தைப் பயம் என்று சொல்லாமல் சொல்வதற்கு நாங்கள் ஒரு மொழி விற்கிறோம். இதை நான் கிண்டலாகச் சொல்லவில்லை. என் அப்பாவுக்கும் இந்த மொழி கிடைத்திருந்தால் கொஞ்சம் முன்னாடியே பேசியிருப்பார்.

போன வருடம் லாரி ஓட்டும் அண்ணன் ஒருவர் பதிவு செய்தார். நாற்பத்தொரு வயது. இலக்கு: எனர்ஜி. எப்போதும் சோர்வு, ராத்திரியில் மூன்று நான்கு தடவை சிறுநீருக்கு எழுந்திருக்கிறார், எப்போதும் தாகம், ரத்தம் எடுத்தது எப்போது என்ற கேள்விக்கு 'ஞாபகம் இல்லை'. படித்ததும் யாருக்கும் சந்தேகம் வரும். அக்கா உடனே நிறுத்திவைத்தார். முதலில் சர்க்கரை பார்க்க வேண்டும், அதுவரை ஒரு மாத்திரையும் கிடையாது என்றார்.

நிறுவனத்தில் விற்பனையைப் பார்த்துக்கொள்பவர் வேறு மாதிரி சொன்னார். அவர் கெட்டவர் இல்லை, அவருடைய வாதமும் லேசானது இல்லை. "பி காம்ப்ளெக்ஸ் கொடுப்போம். ஒரு கெடுதலும் இல்லை. ஆள் நம்மகிட்ட இருப்பாரு. ரெண்டு மாசம் பேசிப் பேசி கிளினிக்குக்கு அனுப்பிடலாம். இப்பவே இல்லன்னு சொன்னா பாசார் மாலாம்ல போய் என்னத்தையாவது வாங்கிக் குடிப்பாரு. அது நமக்குச் சம்மதமா?"

ஒரு தீங்கில்லாத பொய்யால் ஒருவனை உண்மையின் பக்கம் இழுத்துவரலாமா? தத்துவத்தில் இது பழைய கேள்வி. ஆனால் அன்றைக்கு அது எனக்கு ஒரு கட்டமாகத்தான் வந்தது. பி காம்ப்ளெக்ஸ் என்று பதிவு செய்தால், ஏழாவது கட்டத்தில் என்ன எழுதுவது? 'சோர்வுக்கு' என்று எழுதினால் பொய். சோர்வு எதனால் என்று நமக்குச் சந்தேகம் இருக்கிறது, அது பி வைட்டமினால் தீராது என்றும் தெரியும். 'ஆளை நம்மிடம் வைத்துக்கொள்ள' என்று எழுதினால் உண்மை. ஆனால் அதை அவரிடம் காட்ட முடியாது. எந்தக் காரணத்தைச் சம்பந்தப்பட்டவரின் கண்முன்னே எழுத முடியவில்லையோ, அந்தக் காரணத்துக்காக அவர் வாய்க்குள் ஒன்றைப் போட நமக்கு உரிமை இல்லை என்பது என் கட்சி.

இதற்கு மேலும் ஒன்று இருக்கிறது. அந்த மாத்திரை வேலை செய்யாவிட்டால் பரவாயில்லை, வேலை செய்வதுபோல அவருக்குத் தோன்றினால்தான் ஆபத்து. மஞ்சளாகச் சிறுநீர் போகும், ஏதோ உள்ளே நடக்கிறது என்ற நம்பிக்கை வரும், நாலு நாள் சுறுசுறுப்பாகக்கூட இருக்கும். அவரை என்றைக்காவது டாக்டரிடம் தள்ளிக்கொண்டு போகக்கூடிய ஒரே விஷயம் அந்தச் சோர்வுதான். அதையும் நாம் மழுங்கடித்துவிட்டால் மிச்சம் என்ன?

பாசார் மாலாம் வாதத்துக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. நாம் கதவைச் சாத்தினால் அடுத்த கதவு இன்னும் மோசமானது என்பது உண்மைதான். ஆனால் அதே வாதத்தை வைத்து எதை வேண்டுமானாலும் விற்கலாம். எவனிடமும் நம்மைவிட மோசமான ஒருத்தன் பக்கத்துக் கடையில் இருப்பான்.

அண்ணனிடம் பேச வேண்டிய பொறுப்பு என்னிடம் வந்தது. அக்கா பேசினால் டாக்டர் பேசுகிற மாதிரி இருக்கும், ஓடிவிடுவார் என்று அக்காவே சொன்னார்.

"அண்ணே, இப்போதைக்கு மாத்திரை எதுவும் போடலண்ணே. முதல்ல சர்க்கரை பாத்துட்டு வந்துடுங்க. கிளினிக்குல ஒரு வெள்ளிதான்."

"தம்பி, கிளினிக்குல போய் மூணு மணி நேரம் உக்கார எனக்கு நேரம் இருந்தா உங்ககிட்ட ஏன் வரேன்? காசு கட்டியாச்சு. மாத்திரை குடுங்க."

"காசத் திருப்பிக் குடுத்துடறோம்ண்ணே."

"அப்ப எதுக்குக் கம்பெனி நடத்துறீங்க?"

நல்ல கேள்வி. காசைத் திருப்பி வாங்கிக்கொண்டார். அதற்கப்புறம் அவர் சர்க்கரை பார்த்தாரா, வேறெங்காவது ஏதாவது வாங்கினாரா, தெரியாது. இரண்டு முறை செய்தி அனுப்பினேன், நீல டிக் மட்டும் வந்தது. விற்பனைக்காரர் ஒருமுறை, "பாத்தீங்களா, ஆளே போயிட்டாரு" என்றார். அவர் சொன்னபடி செய்திருந்தால் இன்றைக்கு அண்ணன் மருந்து எடுத்துக்கொண்டிருக்கலாம். இருக்கலாம்தான். அன்றைக்கு எடுத்த முடிவு சரி என்று நான் சொல்வது விளைவை வைத்து அல்ல, விளைவு என் கையில் இல்லை. நாற்பத்தொரு வயது ஆளிடம் அவருடைய உடம்பைப் பற்றி நாங்கள் நினைத்ததை அப்படியே சொன்னோம். அவர் அதை எடுத்துக்கொள்வதும் விடுவதும் அவர் பாடு. 'பேசிப் பேசி அனுப்பலாம்' என்பதில் அவரை ஒரு சின்னப் பையனாக ஆக்கிவிடும் ஏதோ ஒன்று இருக்கிறது. நம் குடும்பங்களில் நோயை மறைத்துப் பேசும் பழக்கம் எல்லாம் இந்த அன்பில்தான் தொடங்குகிறது.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு பதிவேட்டில் ஒரு புது வகை வரியைச் சேர்த்தேன். 'கொடுக்கவில்லை.' பொருளின் பெயர், கொடுக்கவில்லை, காரணம். ஒருவர் கேட்டு நாங்கள் மறுத்தது, மென்பொருள் பரிந்துரைத்து அக்கா நீக்கியது, எல்லாம் அதில் வரும். இன்று சில திட்டங்களில் கொடுத்ததைவிடக் கொடுக்காதது அதிகம். ஒரு திட்டத்தில் மொத்தமே இரண்டு வரி: மதியம் சோற்றைக் குறைத்து முட்டையோ தவ்வுவோ சேர்க்கவும், மற்றபடி ஒன்றும் தேவையில்லை. அந்த வாடிக்கையாளர் ஏமாற்றப்பட்டதுபோல் உணர்ந்ததாக எழுதியிருந்தார். என்னைக் கேட்டால் நாங்கள் போட்டதிலேயே உண்மையாகத் தனிப்பட்ட திட்டம் அதுதான்.

திருக்குறளில் 'மருந்து' என்ற அதிகாரத்தை எடுத்துப் பார்த்தால் மருந்தின் பெயர் ஒன்றுகூட இருக்காது. பாதிக்கு மேல் சாப்பாட்டின் அளவைப் பற்றித்தான். கடைசிக் குறளில் மருத்துவத்துக்கு நான்கு கூறுகள் என்று ஒரு கணக்கு வருகிறது: நோய் உள்ளவன், தீர்ப்பவன், மருந்து, பக்கத்தில் இருந்து கவனித்துக் கொடுப்பவன். நாங்கள் இதில் யார் என்று அக்காவிடம் கேட்டேன். "மூணாவதா இருக்கத்தான் ஆசைப்படுறோம், நாலாவதா இருந்தா போதும்" என்றார். பக்கத்தில் இருப்பவன் தீர்மானிப்பவன் இல்லை. ஆனால் எப்போது என்ன கொடுத்தது, என்ன நடந்தது என்பதை நினைவில் வைத்திருப்பவன் அவன். பதிவேடு செய்யக்கூடியதும் கிட்டத்தட்ட அதுதான்.

நினைவில் வைத்திருப்பதிலும் ஒரு சிக்கல் வரும். "அதை மட்டும் எழுதாதீங்க" என்பார்கள். பெரும்பாலும் 'அது' தொங்காட் அலி காப்பி, இல்லையென்றால் ஆண்மைக்கு என்று யாரோ கொடுத்த பாக்கெட். இந்த நாட்டில் 1956ஆம் ஆண்டின் மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம் ஆண்மைக் குறைவு உள்ளிட்ட இருபது நோய்களுக்கு மருந்து என்று விளம்பரம் செய்வதைத் தடை செய்கிறது. அதனால் பாக்கெட்டில் நேராக எழுதமாட்டார்கள். ஆண்களின் நலம், உள்சக்தி என்று சுற்றி வளைத்து எழுதுவார்கள். வாங்குகிறவனும் வாய்விட்டுச் சொல்லமாட்டான். இரண்டு மௌனங்களுக்கு நடுவில் அந்தப் பாக்கெட் கைமாறும். இப்படிப்பட்ட பொருள்களில் சில்டெனாஃபிலும் தடாலாஃபிலும் கலந்திருந்ததை அரசாங்கத்தின் மருந்து ஒழுங்குமுறைப் பிரிவு பலமுறை கண்டுபிடித்து அறிவித்திருக்கிறது. பதிவு எண்ணும் ஹோலோகிராமும் உள்ள பொருள்களிலேயே கலப்படம் பிடிபட்டுப் பதிவு ரத்தானதும் உண்டு. நெஞ்சு வலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரையோடு இது சேர்ந்தால் ரத்த அழுத்தம் சட்டென்று விழும். ஆளே போய்விடலாம்.

எழுதினால் உயிர் பிழைக்க உதவும், எழுத வேண்டாம் என்கிறார். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலை உணர்வுபூர்வத் தகவல் என்கிறது, வெளிப்படையான சம்மதம் இல்லாமல் தொடக்கூடாது. சட்டம் இல்லாவிட்டாலும் பதில் அதேதான் என்று நினைக்கிறேன். பதிவேடு அவருடையது. அவர் வேண்டாம் என்றதை நான் அவருடைய நன்மைக்காக எழுதிவைத்தால், லாரி அண்ணனுக்கு பி காம்ப்ளெக்ஸ் கொடுப்பதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அதே நேரத்தில், ஒன்று மறைந்திருக்கிறது என்று தெரிந்துகொண்டே முழுத் திட்டம் என்று ஒன்றைக் கொடுப்பதும் நியாயம் இல்லை.

இப்போது படிவத்தில் கடைசிக் கேள்வி இப்படி இருக்கிறது: எழுத விரும்பாத ஏதாவது சாப்பிடுகிறீர்களா? பெயர் வேண்டாம், ஆம் அல்லது இல்லை போதும். ஆம் என்றால் அக்கா ஒருமுறை அழைத்துப் பேசுவார், அந்தப் பேச்சு எங்கும் பதிவாகாது. திட்டத்தின் முதல் பக்கத்தில் 'இது முழுமையான பட்டியல் அல்ல' என்ற வரி வரும். கடைசிப் பக்கத்தில் நைட்ரேட் மாத்திரையைப் பற்றியும் கலப்படத்தைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை வரும். இந்த இரண்டும் ஆம் என்றவர்களுக்கு மட்டும்தான் முதலில் அச்சாவதாக இருந்தது. அப்படிச் செய்தால் வீட்டில் யாராவது பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாலே அவரைக் காட்டிக்கொடுத்துவிடும் என்று அக்கா சொன்னார். இப்போது எல்லோருக்கும் அச்சடிக்கிறோம்.